வேதமும் வாழ்வும்: பறையும் தம்புருவும்

சென்ற திங்கள் இப்பகுதியில் 137ஆம் சங்கீதத்தைப் பற்றி எழுதியிருந்தோம். பாபிலோன் ஆற்றங்கரையில் அமர்ந்து அழுத சிறைப்பட்ட மக்களின் பாட்டு அது. 1970இல் ஜமைக்கா நாட்டு மெலோடியன்ஸ் குழுவினர் அதனை இசைத்தட்டாக்கினர். 1978இல் போனி எம் குழுவினர் பாடியபின் உலகமெங்கும் நடனக் கூடங்களில் முழங்கிற்று. நம் சங்கத்து ஆண்டுவிழாவிலும் குழந்தைகள் அதற்கு ஆடினார்கள். ஆடியது குற்றமன்று என்றே எழுதினோம். ஆயினும், சிறைபிடித்தவர்கள் ஏளனமாய்ப் பாடிக் காட்டச் சொன்னபோது யாழை மரக்கிளையில் தொங்கவிட்டுவிட்டுப் பாட மறுத்தவர்களின் துயரம் அது என்பதையும், அச்சங்கீதத்தின் முடிவில் வரும் கொடிய பழிச்சொற்களைப் பாட்டுக்காரர்கள் விட்டுவிட்டார்கள் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது நலம் என்று குறித்திருந்தோம். ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம்மவர் பலருக்கு அக்கட்டுரை பிடித்திருந்தது போலும்; கடிதங்கள் பல வந்தன. அவற்றுள் ஒன்று நம்மை இரண்டு இரவுகள் உறங்கவிடவில்லை.

எழுதியவர் சந்திரகிரியில் வாழும் ஓர் அம்மையார். வேலூர்ப் பக்கத்திலிருந்து கணவருடைய உத்தியோகத்தின் பொருட்டு வந்து, இருபது ஆண்டுகட்கு மேலாக இங்கே குடியிருப்பவர். அவருடைய மகன் கல்லூரி மாணவன். விடுமுறையில் தமிழ்நாட்டுக்குச் சென்றிருந்தபோது, கிராமியக் கலைப் பயிற்சி முகாம் ஒன்றில் பறை அடிக்கக் கற்றுக்கொண்டு, கையோடு ஒரு பறையையும் வாங்கி வந்திருக்கிறான். டிசம்பர்த் திங்களில் வீடுவீடாகச் சென்று கிறிஸ்து பிறப்பின் பாட்டுகளைப் பாடும் குழுவில், இவ்வாண்டு பறையோடு ஒரு கும்மியும் பாடலாம் என்று தோழர்களுடன் ஒத்திகை பார்த்திருக்கிறான். சபைப் பெரியவர் ஒருவர் அதனைத் தடுத்துவிட்டார். சாவு வீட்டு மேளத்தைக் கர்த்தருடைய பிறப்புக்கு அடிப்பதா என்று கேட்டதோடு நில்லாமல், ஆமோஸ் தீர்க்கதரிசியின் ஐந்தாம் அதிகாரத்திலிருந்து ஒரு வசனத்தையும் வாசித்துக் காட்டினார். பாட்டின் ஆரவாரம் தமக்கு வேண்டா என்று ஆண்டவர் அறிவிக்கும் வசனம் அது.

அன்று முதல் மகன் ஆலயத்துக்கு வருவதில்லை. பறையைக் கட்டிலின் அடியில் தள்ளிவிட்டான். வீட்டிலும் பேச்சுக் குறைந்துபோயிற்று. அம்மையார் கடிதத்தின் முடிவில் எழுதுகிறார்: "ஐயா, வேதத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறதா? எழுதியிருந்தால் என் பிள்ளைக்கு நானே எடுத்துச் சொல்லிச் சமாதானம் செய்துவிடுவேன். இல்லையென்றால் நான் யாரிடம் போய்ச் சொல்வது?"

பெரியவர் அவ்வசனத்தை வாசித்த கூட்டத்தில் நாமும் அமர்ந்திருந்தோம். அதன் முன்னும் பின்னும் என்ன எழுதியிருக்கிறது என்பது நமக்குத் தெரியும். எனினும், வயதில் மூத்தவர் பேசுகையில் குறுக்கிடலாகாது என்று எண்ணியோ, இரவு நேரமாகிவிட்டதே என்று எண்ணியோ, வாளாவிருந்துவிட்டோம். ஆகவே இக்கட்டுரை அம்மையாருக்கு மறுமொழி மட்டுமன்று. அன்று பேசாததை இன்று பேசுகிறோம்.

முதற்கண் ஆமோசைப் பார்ப்போம். அவர் யூதேயாவின் தெக்கோவா ஊரார், ஆடு மேய்த்தவர், காட்டத்திப் பழங்களைப் பக்குவம் செய்து பிழைத்தவர். கி.மு. எட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இரண்டாம் எரொபெயாம் வடநாட்டை ஆண்ட காலத்தில், எல்லை தாண்டிப் பெத்தேலுக்குச் சென்று பேசினார். நாட்டில் செல்வம் கொழித்த காலம் அது. தந்தக் கட்டில்களும் கொழுத்த விருந்தும் ஒருபுறம். ஒரு சோடி பாதரட்சையின் விலைக்கு ஏழையை விற்கும் கொடுமை மறுபுறம். மரக்காலைச் சிறிதாக்கி, எடைக்கல்லைப் பெரிதாக்கி, ஏழையின் தானியத்தைப் பிடுங்கியவர்களே பண்டிகை நாளில் ஆலயத்தில் முன்னால் நின்று பாடினார்கள். பெத்தேலின் ஆசாரியன் ஆமோசை நோக்கி, உன் சொந்த நாட்டுக்குப் போய் அங்கே பிழைத்துக்கொள் என்று விரட்டியதும் அந்நூலிலேயே இருக்கிறது. அயலூரில் பிழைக்க வந்தவர்களாகிய நமக்கு அந்தப் பேச்சு புதிதன்று.

பெரியவர் வாசித்த வசனத்துக்கு முன்னிரண்டு வசனங்களில், பண்டிகைகளையும் ஆசரிப்புகளையும் பலிகளையும் ஆண்டவர் வெறுத்துத் தள்ளுகிறார். பின்வரும் வசனத்தில் நியாயம் தண்ணீரைப்போலப் புரண்டு ஓடவேண்டும் என்கிறார். இந்நான்கையும் ஒருசேரப் படித்தால் பாட்டு இங்கே வழக்கின் பொருளே அன்று என்பது விளங்கும். பாட்டைத் தடுக்க அவ்வசனம் போதுமானால், கிறிஸ்துமஸ் பண்டிகையைத் தடுக்க அதற்கு முன்னிருக்கும் வசனமும் போதும். காணிக்கைப் பையையும் மூடிவிட வேண்டியதுதான். அதற்கு நம் சபையில் யாரும் உடன்பட மாட்டார்கள். ஏழையை வாயிலில் தள்ளிவிட்டு உள்ளே பாடும் பாட்டையே தீர்க்கதரிசி இரைச்சல் என்கிறார். இன்னொன்றையும் சொல்லவேண்டும். அவ்வசனம் பெயர் சொல்லிக் குறிக்கும் வாத்தியம் நேபெல் என்னும் நரம்புக்கருவி. நம் வீடுகளில் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பில் அது வீணை. வேதத்தின் ஒரு வசனத்தை மட்டும் பிடித்துக்கொண்டு வாத்தியத்துக்குத் தடைபோடுவதானால், வெளியே போகவேண்டியது வீணையே அன்றிப் பறை அன்று.

நிற்க. வேதத்தில் பறை உண்டா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. செங்கடலைக் கடந்த மக்கள் பாடியபோது, மோசேயின் தமக்கை மிரியாம் ஒரு வாத்தியத்தைக் கையில் எடுத்தாள். பெண்கள் அனைவரும் அவள் பின்னே அதே வாத்தியத்தோடு ஆடிக்கொண்டு புறப்பட்டார்கள் என்று யாத்திராகமம் 15ஆம் அதிகாரம் கூறும். எபிரெய மொழியில் அதன் பெயர் தோஃப். பழைய தமிழ் வேதாகமம் அதனைத் தம்புரு என்று பெயர்த்தது. தம்புரு என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது என்ன? கச்சேரி மேடையில் பாடகருக்குப் பின்னே சாய்த்து மீட்டப்படும் நான்கு தந்திகளை உடைய தம்பூரா. நாமும் சிறுவயதில் மிரியாம் தம்பூரா மீட்டியதாகவே எண்ணியிருந்தோம். அதைத் தூக்கிக்கொண்டு எப்படி ஆடினாளோ என்ற ஐயமும் இருந்தது! உண்மையில் தோஃப் என்பது வட்டமான சட்டத்தில் தோல் இழுத்துக் கட்டிக் கையால் தட்டும் கருவி. பெரும்பாலும் பெண்கள் வாசித்தது. அதனைக் கையிலேந்திய பெண்ணுருவங்கள் எனக் கருதப்படும் பழங்காலக் களிமண் பொம்மைகள் பாலஸ்தீன நாட்டில் அகழ்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன. 150ஆம் சங்கீதம் ஆண்டவரைத் துதிக்கச் சொல்லி வரிசைப்படுத்தும் வாத்தியங்களுள் நடனத்தோடு சேர்த்துக் கூறப்படுவதும் இதுவே.

மரவளையத்தில் தோல் கட்டிய வாத்தியம் என்றால் நம் நாட்டில் அதற்குப் பெயர் பறை. இங்கே தெலுங்கில் டப்பு. ஒவ்வொரு மே மாதமும் திருப்பதி தாத்தய்யகுண்டா கங்கம்மா ஜாத்திரையில் அதன் முழக்கத்தைக் கேட்டிருப்பீர்கள். தோஃபும் பறையும் ஒன்றே என்று நாம் சொல்லவில்லை. ஒன்று விரலால் தட்டப்படுவது, மற்றொன்று அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியும் கொண்டு அடிக்கப்படுவது. ஆனால் இரண்டும் ஒரே குலத்துக் கருவிகள். கஞ்சிராவும் அக்குலத்தைச் சேர்ந்ததே. புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை (1859–1922) அதனைச் செப்பம் செய்து கச்சேரி மேடையில் ஏற்றிவைத்தார். அன்று முதல் அதற்கு மேடையில் இடம் உண்டு. உடும்புத் தோல் கட்டிய வளையம் மேடையில் அமர்ந்திருக்க, மாட்டுத் தோல் கட்டிய வளையம் தெருமுனையில் நிற்கிறது. தோலில் தீட்டு இருக்குமாயின் உடும்புக்கு மட்டும் எப்படி விலக்குக் கிடைத்தது?

தாவீது உடன்படிக்கைப் பெட்டியின் முன்னே இந்தத் தோஃப் முதலிய வாத்தியங்களோடு ஆடிப்பாடி வந்ததை அரண்மனைப் பலகணியிலிருந்து பார்த்துத் தன் மனத்தில் அவனை இகழ்ந்த மீகாளை நினைவுகூர்க. அவள் குறை சொன்னது ஆட்டத்தை மட்டுமன்று. வேலைக்காரப் பெண்களின் கண்முன்னே அரசன் இப்படி ஆடலாமா என்பதே அவள் கேள்வி. பாட்டையும் வாத்தியத்தையும் பற்றிய வழக்குகள் பல, உள்ளே பார்த்தால், யாருடன் நிற்பது என்ற வழக்குகளாகவே இருக்கின்றன.

மெட்டுகளின் பிறப்பைப் பற்றியும் சிறிது சொல்வோம். சங்கீதங்களின் தலைப்பில் விளங்காத எபிரெயச் சொற்கள் வருவதைக் கண்டிருப்பீர்கள். நம் மொழிபெயர்ப்பில் அவற்றுட் பல வாத்தியத்தின் பெயர்களாகக் கொள்ளப்பட்டன. இக்கால அறிஞர் பலர், அவற்றுட் சில அக்காலத்து மக்கள் அறிந்திருந்த பாட்டுகளின் பெயர்கள் எனவும், அந்த மெட்டில் பாடுக என்பதே குறிப்பு எனவும் கருதுகின்றனர். 22ஆம் சங்கீதத்தின் தலைப்பு விடியற்காலத்துப் பெண்மானைக் குறிக்கிறது. சிலுவையில் ஆண்டவர் வாயில் வந்த சங்கீதம் அது. அதன் மெட்டு ஒருகால் மான் பாட்டு ஒன்றன் மெட்டாக இருந்திருக்கலாம்.

ஐரோப்பாவிலும் இவ்வாறே. பெரிய வெள்ளியன்று ஆண்டவரின் முட்கிரீடத் தலையை எண்ணி உருகிப் பாடும் பாட்டின் மெட்டு, 1601இல் ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் ஒரு காதற்பாட்டுக்கு அமைத்தது. அரை நூற்றாண்டுக்குப்பின் 1656இல் பவுல் கெர்ஹார்ட்டின் பாடல் அதனோடு சேர்ந்தது. பின்னர் பாஹ் தம் மத்தேயு பாடுகளில் அதனைத் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்தார். இன்று அதனைக் கேட்டு யாருக்குக் காதலி நினைவு வருகிறது? லூத்தர் மதுக்கடைப் பாட்டுகளை எடுத்து ஆலயத்தில் பாடவைத்தார் என்று மேடைதோறும் சொல்வார்கள். அது மட்டும் உண்மையன்று. ஜெர்மானியச் செய்யுளமைப்பு ஒன்றன் பெயராகிய பார் என்பதை மதுக்கடை என்று பிறழ உணர்ந்ததும் இக்கதைக்கு ஒரு காரணம் என்பர். தெருவில் வழங்கிய விடுகதைப் பாட்டின் மெட்டு ஒன்றை அவர் தம் கிறிஸ்து பிறப்புப் பாட்டுக்கு 1535இல் பயன்படுத்தினார் என்பது மெய். ஆனால் 1539இல் அதை விட்டுவிட்டு வேறு மெட்டைச் சேர்த்தார். பழைய சொற்கள் மக்கள் காதில் இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தனவோ என்னவோ. மெட்டுக்கு நினைவு உண்டு. இதனை மறவாதிருத்தல் வேண்டும். பின்னர் இதற்கு மீண்டும் வருவோம்.

இத்தனை தூரம் போவானேன்? நம் சந்திரகிரிக் கோட்டையைப் பாருங்கள். 1485இல் விசயநகர அரியணை ஏறிய சாளுவ நரசிம்மன் அதற்குமுன் ஆட்சி செய்த இடம் இது. தாள்ளப்பாக்கம் அன்னமாச்சாரியார் (1408–1503) அவனுடைய நட்புக்கு உரியவராயிருந்தார். வேங்கடவனைப் பாடியதுபோலத் தன்னையும் பாடவேண்டும் என்று அம்மன்னன் கேட்டான் என்றும், அவர் மறுக்கவே விலங்கிட்டான் என்றும், அவருடைய பேரர் சின்னன்னா எழுதிய வரலாறு கூறும். மலைமேல் ஆலயத்தில் அடைபட்டிருந்து 1922இல் வெளிவந்த செப்பேடுகளில் அவருடைய கீர்த்தனைகள் ஏறக்குறைய 12,000 கிடைத்திருக்கின்றன. அவற்றுள் தாலாட்டும் உண்டு. உரலில் நெல் குற்றும் பெண்களின் பாட்டுமுறையும் உண்டு. பரம்பொருளின்முன் உயர்ந்தோர் தாழ்ந்தோர் என்ற வேற்றுமை இல்லை என்று பாடும் கீர்த்தனையும் உண்டு. அவருடைய சமயம் வேறு, நம்முடைய சமயம் வேறு. ஆனால் மக்களின் உலக்கைப் பாட்டை எடுத்து ஆண்டவன்முன் வைக்கத் தயங்காதவர், அதே பாட்டை அரசன்முன் வைக்க மறுத்தார் என்பது நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது. பாட்டு எங்கிருந்து வந்தது என்பதைக்காட்டிலும் எங்கே போகிறது என்பதில் அவருக்குக் கருத்து இருந்தது.

தஞ்சையிலும் இதனை ஒத்த ஒரு செய்தி வழங்குகிறது. வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) திருநெல்வேலியில் பிறந்து, சுவார்ட்ஸ் ஐயரால் தஞ்சைக்கு அழைத்துச் செல்லப்பட்டு வளர்ந்தவர். இரண்டாம் சரபோசி மன்னரோடு உடன் பயின்றவர். அவரையும் மன்னர் வேறு தெய்வத்தின்மேல் குறவஞ்சி பாடக் கேட்டார் என்றும், அவர் இணங்கவில்லை என்றும் சொல்வார்கள். 1800இல் அவர் இயற்றியது பெத்லகேம் குறவஞ்சி. குறவஞ்சி என்பது என்ன? கோயில் திருவிழாக்களில் மக்கள் கூட்டங்கூட்டமாய்க் கண்டுகளித்த ஆட்டப்பாட்டு. காதலால் வாடும் தலைவிக்குக் குறத்தி கைபார்த்துக் குறி சொல்வதும், குறவன் பறவை பிடிப்பதும் அதில் வரும். அந்நாளின் சினிமா என்றே சொல்லலாம். சாஸ்திரியார் தலைவியைச் சீயோன் குமாரத்தியாக்கினார். பறவை பிடிப்பதை ஆத்துமாக்களைச் சேர்ப்பதாக்கினார். கும்மியில் மூடநம்பிக்கைகளைச் சாடினார். ஏற்றப்பாட்டையும் நொண்டி நாடகத்தையும்கூட விட்டாரில்லை. 1853இல் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வெப் ஐயர் தொகுத்து வெளியிட்ட கீர்த்தனைப் புத்தகத்தில் பெரும்பங்கு சாஸ்திரியாருடையது. இன்று நம் ஆலயங்களில் ஞானப்பாட்டுக்கு அடுத்தபடி கீர்த்தனை பாடுகிறோம் என்றால், அவரே அதற்கு முதற்காரணர்.

எளிதாய்ப் பாடவிட்டார்கள் என்று எண்ணவேண்டா. 1820களில் தஞ்சைக்கு வந்த இளம் மிஷனரிகள் தமிழ்க் கீர்த்தனைகளையும் இசையையும் திருமணத்திலும் அடக்கத்திலும் விலக்கத் தொடங்கினர். பண்டிகைகளில் பூவையும் தடுத்தனர். பழைய வேத மொழிபெயர்ப்பைத் திருத்தினர். 1829இல் சாஸ்திரியார் இவற்றையெல்லாம் கொடுமைகள் என்று பெயரிட்டு நீண்ட முறையீடு எழுதினார். இதுவரை படிக்கையில் நமக்கு அவர்மேல் அன்பு பெருகுகிறது. ஆனால் அவர் எண்ணிய கொடுமைகள் நான்கு. அவற்றுள் ஒன்று, இராப்போசனத்தில் சாதி வேற்றுமையின்றி அனைவரையும் கலந்து அமர்த்தியது. சாதியாசாரத்தை நியாயப்படுத்தி அவர் எழுதியிருக்கிறார். 1833இல் டானியேல் வில்சன் அத்தியட்சர் சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று சுற்றறிக்கை விட்டபோது தஞ்சைச் சபையிலும் சென்னை வேப்பேரியிலும் பெரும் பிளவு உண்டாயிற்று.

இதனை ஏன் எழுதுகிறோம் என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைப் பாடித்தான் நாமும் வளர்ந்தோம், இனியும் பாடுவோம். எனினும், தமிழ் இசையை வாயிலில் நிறுத்தியபோது வெகுண்டெழுந்த ஒருவர், தமிழ் மனிதரை வாயிலில் நிறுத்துவதைக் காணாதிருந்தார் என்பது மறைக்கத்தக்கதன்று. ஆமோசின் அவ்வசனத்தை யாராவது அவருக்கு வாசித்துக் காட்டியிருந்தால், முன்பின் வசனங்களோடு வாசித்துக் காட்டியிருந்தால், என்ன சொல்லியிருப்பாரோ!

அவருக்கு மறுமொழி ஒன்றரை நூற்றாண்டுக்குப்பின் மதுரையிலிருந்து வந்தது. அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியற் கல்லூரியில் ஆசிரியராயிருந்த தியோபிலஸ் அப்பாவு (1940–2005), மாணவர் அன்போடு பரட்டை என்றழைத்தவர், முழு ஆராதனை முறையையும் கிராமிய இசையில் அமைத்தார். கருநாடக இசைக் கீர்த்தனைக்கு ஆசான் வேண்டும். மேனாட்டு ஞானப்பாட்டுக்குப் புத்தகம் வேண்டும். வயலில் வேலை செய்யும் பெண்ணுக்கு இரண்டும் இல்லை. நாட்டுப்பாட்டோ யாரும் கூடிப் பாடவும், தம் சொல்லைச் சேர்த்துக்கொள்ளவும் இடம் கொடுக்கும் என்பது அவர் கருத்து. பறையை வழிபாட்டில் முழங்கச் செய்தார். கர்த்தர் கற்பித்த செபத்தை நாட்டுப்புற மெட்டில் அமைத்து, தாய் தந்தை இருவருக்கும் பொதுவான பேச்சுவழக்குச் சொல்லால் கடவுளை அழைத்தார். இராப்போசனத்தை ஒரே உலையில் சமைத்து எல்லாரும் பகிர்ந்துண்ணும் விருந்தாக விளக்கினார். சாஸ்திரியார் கொடுமை என்று எண்ணிய அதே பந்தி! இவருடைய பணியைப் பற்றி சோயி ஷெரினியன் என்னும் அமெரிக்க இசையறிஞர் 2014இல் ஒரு முழுநூலே வெளியிட்டிருக்கிறார். நம்மவர் பலர் பெயரும் கேட்டதில்லை.

இனி நம் கூட்டத்துக்கு வருவோம். அம்மையார் கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: அதே குழுவினர் சென்ற ஆண்டு சினிமா மெட்டு ஒன்றில் கிறிஸ்து பிறப்புப் பாட்டைப் பாடினார்களாம்; கீபோர்டும் ரிதம் பேடும் வைத்துக்கொண்டார்களாம்; யாரும் தடுக்கவில்லையாம். அது மெய். நாமும் நின்று கேட்டோம். கைதட்டினோம் என்றுகூடச் சொல்லவேண்டும். சினிமா மெட்டு பாவம் என்று நாம் கருதவில்லை. ஆனால் அந்த மெட்டின் பழைய சொற்கள் எல்லார் வாயிலும் இருந்தன. இளையவர் சிலர் முணுமுணுத்துச் சிரித்ததையும் கண்டோம். ஹாஸ்லரின் மெட்டுக்கு மறதி வர ஐம்பது ஆண்டுகள் கிடைத்தன. நம் மெட்டுக்கு ஐந்து மாதங்கள்தாம். அதனினும் பெரிய செய்தி, அந்த ரிதம் பேடில் ஒலித்த தாளம். குத்துப்பாட்டு என்று வழங்கும் அந்தத் தாளம் பறையினின்றும் அதன் உறவுக் கருவிகளினின்றும் பிறந்தது. கலியாண வீடுகளில் ஒலிபெருக்கியில் அது வந்தால் நாம் எல்லாரும் கால் தட்டுகிறோம். மின்சாரப் பெட்டியிலிருந்து வரும்போது அது பாட்டு. தோலிலிருந்து வரும்போது சாவு மேளம். ஓசை அதுவே. அடிக்கும் கை நினைவுக்கு வருவதும் வராததுமே வேறுபாடு.

இவ்வளவையும் எழுதி முடித்து, அச்சுக்கு அனுப்புமுன் அப்பெரியவரையும் ஒருமுறை கண்டு பேசிவிட வேண்டும் என்று தோன்றிற்று. அவர் இல்லாத இடத்தில் அவரைத் திருத்துவது, அவர் வசனத்தைக் கையாண்டதைக் காட்டிலும் மேலானதாகாது. மாலையில் சென்றோம். திண்ணையில் அமர்த்திக் காபி கொடுத்தார். ஆமோசின் அதிகாரத்தை முழுமையும் வாசித்தோம். மறுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு சொன்னார்:

"ஐயா, வசனத்தை நான் பிறகுதான் தேடினேன். முதலில் வந்தது வசனம் அன்று. என் தகப்பனாருக்குத் தகப்பனார் பறை அடித்தவர். ஊரில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் நடுச்சாமத்தில் ஆள் வந்து வாசலில் நின்று கூப்பிடுவான். காய்ச்சலாயிருந்தாலும் போகவேண்டும். கூலி கிடையாது; மிச்சம் கிடைக்கும். அவர் ஞானஸ்நானம் எடுத்த அன்று பறையைத் தூக்கி அடுப்பில் போட்டார். 'இனி என் பிள்ளைகளை யாரும் வாசலில் நின்று கூப்பிடமாட்டான்' என்றாராம். அவர் எரித்ததை நான் ஆலயத்துக்குள் எப்படி எடுத்து வரச் சொல்வேன்?"

நாம் அவரைப் பற்றி என்னவெல்லாம் எண்ணியிருந்தோம் என்பதை இங்கே எழுத வெட்கமாயிருக்கிறது. மேட்டிமையால் பேசுகிறார் என்றே கருதியிருந்தோம். இத்தனை ஆண்டுகள் ஒரே ஊரில், ஒரே ஆலயத்தில் இருந்தும், அவருடைய முன்னும் பின்னும் நமக்குத் தெரிந்திருக்கவில்லை. மெட்டுக்கு நினைவு உண்டு என்று மேலே எழுதினோம், வாத்தியத்துக்கும் உண்டு. அவர் பாட்டனார் பறையை எரித்ததும், மதுரையில் அப்பாவு அவர்கள் பறையை எடுத்து முழக்கியதும், ஒரே விடுதலையை நாடிய இரு செயல்கள் என்று நாம் அறிவினால் சொல்லிவிடலாம். ஆனால் அதை அவர் திண்ணையில் அமர்ந்து அவரிடம் சொல்ல நமக்கு வாய் எழவில்லை. அவரைப் போன்றே எண்ணிப் பறையைத் தொட மறுப்பவர்கள் தமிழ்நாட்டுச் சேரிகளில் பலர் உண்டு. அவர்களுடைய பிள்ளைகளே அதைத் தேடிப் போய்க் கற்பதும் உண்டு. இரு தரப்பாரும் பெரும்பாலும் ஒரே குடும்பத்தில் இருக்கிறார்கள்.

ஆகவே அம்மையாருக்கு நாம் எழுதக்கூடியது இவ்வளவே. வேதத்தில் அப்படி எழுதியிருக்கவில்லை. உங்கள் மகனுடைய பறைக்கு வேதத்தில் தடையில்லை. மிரியாமின் கையில் அதன் உறவுக் கருவி இருந்தது. ஆனால் பெரியவர் தடுத்ததற்கு வசனத்தைத் தவிர வேறொரு காரணம் உண்டு. அதைச் சொல்ல வேண்டியவர் நாமல்லர், அவரே. அவர் இசைவு பெற்றே மேலே எழுதியதையும் எழுதினோம். அதை உங்கள் மகனிடம் நேரில் சொல்ல அவர் உடன்பட்டிருக்கிறார். அழைத்து வந்தால் திண்ணையில் இடம் இருக்கிறது என்றார். பாட்டைப் பற்றிய முடிவு வரும் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை மாலை 6 மணிக் கூட்டத்தில் எடுக்கப்படும். நாமும் இருப்போம்.

விடைபெற்று எழுந்தபோது அப்பெரியவர் வாசல் வரை வந்தார். செருப்பை மாட்டிக்கொண்டிருந்த நம்மை நிறுத்தி, "அந்தப் பிள்ளை அதை எதில் காய்ச்சுகிறான்?" என்று கேட்டார். தெரியாது என்றோம். "காகிதத்தைக் கொளுத்திக் காய்ச்சினால் தோல் தீய்ந்துவிடும். வைக்கோல்தான் வேண்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.